வழிகாட்டி மரீனா ரஸ்கோவா

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் செய்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறையிலே ஆசிரியன் பேசும் பேச்சைக் கொண்டு அவனை அளந்துவிடுதல் எளிது. ஆனால் அவன் இல்லாத இடத்தில், அவன் காணாத வேளையில், அவன் கற்பித்தவை மாணாக்கருக்குக் கைகொடுத்தனவா என்பதே மெய்யான அளவுகோல். இந்த அளவுகோலைக் கையிலேந்திப் பெரியோர் வரலாறுகளைப் புரட்டும்போதெல்லாம் என் மனம் ஒரு பெண்மணியிடம் சென்று நிற்கின்றது. அவர் பள்ளிக்கூடத்து ஆசிரியை அல்லர். சோவியத் நாட்டின் விமானப் படையைச் சேர்ந்தவர். முப்பது வயதிலே மறைந்தவர். மரீனா ரஸ்கோவா என்பது அவர் பெயர்.

உலகம் அவரை 1938 ஆம் ஆண்டிலே நிகழ்ந்த ஒரு நெடும் பறப்புக்காகவே பெரிதும் நினைவுகூர்கின்றது. அது பாராட்டத்தக்க செயலே. ஆயினும், 1941 ஒக்டோபர் மாதம் தொடங்கிச் சில மாத காலம் வொல்கா நதிக்கரையிலே அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியே அவரது வாழ்வின் சிகரம் என்பது என் துணிபு. அதனைக் கூறுவதற்கு முன்னர், அந்த நதிக்கரைக்கு அவர் எவ்வழியாக வந்து சேர்ந்தார் என்பதைக் கூறல் வேண்டும்.

மரீனா 1912 மார்ச் 28 இல் மொஸ்கோ நகரிலே பிறந்தார். தந்தை மிகயீல் மலீனின் இசைநாடக மேடைகளிலே பாடிப் புகழ்பெற்றவர். பிறருக்குச் சங்கீதம் கற்பித்தவர். தாய் ஓர் ஆசிரியை. மகளும் இசைக்கே உரியவள் என்று வீட்டார் எண்ணியிருந்தனர். ஆனால் 1919 இல், சிறுமிக்கு ஏழு வயதாயிருக்கையில், தந்தை ஒரு விபத்தினால் இறந்துபோனார். குடும்பம் வறுமையுற்றது. இசைக் கனவு சிறிது சிறிதாக விலகிற்று. பியானோவிலே பழகிய விரல்கள் பின்னர் ஒரு சாயத் தொழிற்சாலையின் இரசாயனக் கூடத்திலே கண்ணாடிக் குழாய்களைப் பிடிக்கலாயின. 1929 இல் செர்கேய் ரஸ்கோவ் என்னும் பொறியியலாளரை மணந்தார். மறு ஆண்டிலே தான்யா என்ற மகள் பிறந்தாள். அந்த மணவாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை; ரஸ்கோவா என்ற பெயர் மட்டும் அவரோடு நிலைத்தது.

அவரை ஆகாயத்துக்கு அழைத்துச் சென்றது துணிச்சலன்று, ஒரு வரைபலகை. குழந்தையை வளர்க்க உழைக்க வேண்டியிருந்த அந்த இளந்தாய், மொஸ்கோவின் சுகோவ்ஸ்கி விமானப் படைக் கல்விக்கழகத்தின் ஆய்வுகூடம் ஒன்றிலே படம் வரைபவராக வேலைக்கமர்ந்தார். அந்த ஆய்வுகூடத்துக்குரிய துறை விமானத்துக்கு வழி காணும் கலையாகும். நிலத்திலே வழி தவறினவன் நின்று விசாரிக்கலாம். கடலிலே தவறினவன் நங்கூரமிடலாம். ஆகாயத்திலே நிற்பதற்கு இடமில்லை. காற்று விமானத்தை அறியாமலே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும். முகில் நிலத்தை மறைக்கும். எரிபொருளோ நிமிடந்தோறும் குறையும். வேகம், காலம், திசை, காற்றின் தள்ளுகை ஆகிய இவற்றைக் கணித்து, இப்போது எங்கே இருக்கின்றோம், இனி எப்பக்கம் திரும்புவது என்று ஓட்டிக்குச் சொல்பவரே வழிகாட்டி. பிறர் வரைந்து கொடுத்தவற்றைப் படியெடுத்த மரீனா, அக்கணிதத்தின் உட்பொருளையும் பற்றிக்கொண்டார். சில ஆண்டுகளுக்குள் சோவியத் விமானப் படையின் முதலாவது பெண் வழிகாட்டி என்னும் தகுதியைப் பெற்றார். படம் வரைய வந்த அதே கல்விக்கழகத்திலே படை அதிகாரிகளுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியையும் ஆனார். இடையே விமானமோட்டவும் பயின்றார்.

இனி 1938 ஆம் ஆண்டுப் பறப்பைச் சொல்கின்றேன். வலென்தீனா கிரிசதூபவா, பொலீனா ஒசிப்பெங்கோ என்னும் இரு விமானிகளும் மரீனாவுமாக மூவர், செப்டெம்பர் 24 ஆந் தேதி மொஸ்கோவின் அருகிலிருந்து தூரகிழக்கை நோக்கிப் புறப்பட்டனர். ரோதினா, அதாவது தாய்நாடு என்பது அவர்களது விமானத்தின் பெயர். வானொலித் தொடர்பு அறுந்தது. முகில் நிலத்தை மூடிற்று. எரிபொருள் தீரும் நேரத்தில் கீழே காடும் சேறுமே தென்பட்டன. வழிகாட்டியின் ஆசனம் விமானத்தின் கண்ணாடி மூக்கிலே தனித்திருந்தது. சேற்றிலே இறங்கும்போது அந்த மூக்கு நொறுங்கக்கூடும் என்று அஞ்சிய தலைவி கிரிசதூபவா, மரீனாவைப் பாரசூட்டின் உதவியால் குதிக்குமாறு பணித்தார். அவர் குதித்தார். அவசர காலத்துக்கென வைத்திருந்த உணவுப் பொதி விமானத்திலேயே தங்கிவிட்டது. சட்டைப்பையிலே கிடந்த சிறிதளவு சொக்கிலேற்றும், காட்டிலே கிடைத்த பழங்களுமே உணவாக, தைகா என்னும் பெருங்காட்டிலே பத்து நாட்கள் நடந்து, தோழியர் காத்திருந்த விமானத்தை அவர் கண்டடைந்தார். 26 மணி 29 நிமிடங்களிலே 5,900 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை அவர்கள் கடந்திருந்தனர். பெண்கள் அதுவரை அவ்வளவு தூரம் இடைநில்லாது பறந்ததில்லை.

நாடு அவர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. 1938 நவம்பர் 2 இல் மூவருக்கும் சோவியத் யூனியனின் வீரர் என்ற விருது வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதற் பெண்கள் அவர்களே. ஆனால் இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. அவர்களைத் தேடச் சென்ற இரு விமானங்கள் ஆகாயத்திலே மோதியதில் பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர். கொண்டாட்டத்தின் இரைச்சலிலே அச்செய்தி மக்களுக்கு மறைக்கப்பட்டது. அந்தக் கொடிய ஆண்டுகளில் மரீனாவின் பெயர் அரச இரகசியக் காவற்றுறையின் ஊழியர் பட்டியலிலும் இருந்தது என்பதைப் பிற்காலத்தில் வெளிவந்த பதிவுகள் காட்டுகின்றன. ஒருவரது வரலாற்றைச் சொல்லப் புகுந்தவன் ஒளியை மட்டும் எழுதி நிழலை விட்டுவிடுதல் நேர்மையாகாது. எனவே இதனையும் இங்கு குறித்துவைக்கின்றேன்.

1941 ஜூன் 22 இல் ஜேர்மனியப் படைகள் சோவியத் எல்லையைக் கடந்தன. அந்நாட்டிலே விமானச் சங்கங்களிற் பறக்கப் பயின்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்கள் படையிற் சேரச் சென்றபோது, மருத்துவத் தாதியராகச் செல்லுமாறு கூறித் திருப்பியனுப்பப்பட்டனர். மனம் பொறாத அவர்கள், நாடறிந்த பெண் வீரரான ரஸ்கோவாவுக்குக் கடிதம் எழுதினர். கடிதங்கள் மலைபோற் குவிந்தன. அவர் அவற்றைத் தமக்கு வந்த புகழுரைகளாக எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டாலினை நேரிற் காணும் செல்வாக்குத் தமக்கிருந்ததைப் பயன்படுத்தி, பெண்களைக் கொண்ட விமானப் படைப்பிரிவுகளை அமைக்குமாறு வாதாடினார். 1941 ஒக்டோபர் 8 இல் அதற்கான ஆணை பிறந்தது. போர்விமானங்களுக்கு 586, குண்டுவீச்சு விமானங்களுக்கு 587, இரவிலே குண்டுவீசும் விமானங்களுக்கு 588 என மூன்று படைப்பிரிவுகள் அமைக்கப்படவிருந்தன.

பகைவர் மொஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஒக்டோபர் 17 இல், நகரமே கலங்கி நிற்கையில், சரக்குப் பெட்டிகள் கோத்த ஒரு புகையிரதம் அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. ஒரு வாரத்துக்கு மேலாக ஊர்ந்து, சராத்தொவ் நகரின் எதிர்க்கரையிலுள்ள எங்கெல்ஸ் என்னும் பட்டினத்தை அடைந்தது. தலைமுறை தலைமுறையாக வொல்காக் கரையிலே வாழ்ந்த ஜேர்மானிய வமிசத்தார்க்கு அப்பட்டினமே தலைநகராயிருந்தது. ஒரு மாதத்துக்குச் சற்று முன்னர்தான் அம்மக்கள் அனைவரும் அரச ஆணையினால் சைபீரியாவுக்கும் கசாக்ஸ்தானுக்கும் பெயர்த்தனுப்பப்பட்டிருந்தனர். அத்தகைய ஊரிலே, ஏற்கெனவே இருந்த படை விமானப் பள்ளியிலே, புதிய பயிற்சி தொடங்கிற்று.

வந்தவர்களுள் விமானச் சங்கங்களிலே பிறருக்குப் பறக்கக் கற்பித்தவர்கள் சிலர். பல்கலைக்கழக மாணவியர் பலர். தொழிற்சாலைகளிலிருந்து வந்தோர் இன்னுஞ் சிலர். ஆண்களுக்கென்று தைத்த உடைகளே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பாதத்துக்குப் பெரிதான சப்பாத்துகளுக்குள்ளே கடதாசியைத் திணித்து நடந்தனர். நீண்ட கூந்தலைக் களையுமாறு ரஸ்கோவா கட்டளையிட்டபோது சிலர் கண்ணீர் வடித்தனர். பின்னாளிலே போர்விமானமோட்டிப் பெரும் புகழ் பெற்ற லிதியா லித்வியாக், தமது காலணியின் மயிர்த்தோலை வெட்டிச் சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டு தண்டனை பெற்றார் என்று கூறுவர். ஓர் இரவு திடீரென அபாய அறிவிப்பு எழுந்தபோது, உறங்கும் உடையின் மேல் மேலங்கியை மாட்டிக்கொண்டு சிலர் வரிசையிலே நின்றனராம். அவர்களை அக்கோலத்திலேயே பனியில் நடக்கச் செய்தார் ரஸ்கோவா. யுத்தகளத்தில் பகைவன் உடைமாற்ற நேரந் தரமாட்டான் என்ற பாடம் அதன் பின் எவருக்கும் மறக்கவில்லை.

அமைதிக் காலத்திலே மூன்றாண்டுகளிற் கற்பிக்கும் பாடத்தைச் சில மாதங்களுக்குள் கற்பிக்க வேண்டியிருந்தது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பும் பறப்பும். இடையே மோர்ஸ் தந்திக்குறிப் பயிற்சி. கடுங்குளிரிலே எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டும் வேலை. விமானம் ஓட்டுவோர் மட்டுமல்லர், அதனைப் பழுதுபார்ப்போரும் குண்டுகளை ஏற்றுவோரும் பெண்களாகவே பயிற்றப்பட்டனர். எல்லோரும் போர்விமானம் ஓட்டவே விரும்பினர். எவர் எதற்கு உரியவர் என்று ரஸ்கோவா தெரிந்தெடுத்தார். கணிதமும் விஞ்ஞானமும் கற்ற மாணவியர் பலரை அவர் வழிகாட்டிகளாக்கினார். மொஸ்கோ பல்கலைக்கழகத்திலே வானசாத்திரம் பயின்றுகொண்டிருந்த எவ்கேனியா ரூத்னெவா அவர்களுள் ஒருவர். இரீனா ரக்கபோல்ஸ்கயா என்னும் மற்றொரு மாணவியை, படைத்துறை அனுபவம் ஏதுமில்லாதிருந்தும், இரவுப் படைப்பிரிவின் அலுவலகத் தலைமைப் பொறுப்பிலே அமர்த்தினார். அப்பெண் தமக்கு அது வேண்டாமென்றே எண்ணினார். ஆனால் ஆளறிந்து பொறுப்பளித்த ஆசிரியையின் கணிப்புப் பிழைக்கவில்லை.

இவற்றையெல்லாம் வாசிக்கையில் அவசரமே அப்பள்ளியின் ஆசிரியர் என்று எனக்குத் தோன்றும். அவசரம் கூலி வாங்காமற் போவதில்லை. 1942 மார்ச் மாதத்திலே ஓர் இரவு, 588 ஆம் படைப்பிரிவினர் பயிற்சிப் பறப்பிலே இருந்தபோது பனிப்புயல் எழுந்தது. ஆகாயமும் பூமியும் ஒரே வெண்மையாயின. அடிவானம் மறைந்தது. தலை மேலிருக்கின்றதா கீழிருக்கின்றதா என்று உடல் சொல்லும் சொல்லை நம்பினால் அந்நிலையிலே அழிவுதான். கருவிகளை மட்டுமே நம்புதல் வேண்டும். அப்பழக்கம் சில வாரங்களிற் கைவருவதன்று. இரண்டு விமானங்கள் நிலத்திலே மோதின; நான்கு யுவதிகள் உயிரிழந்தனர். பகைவனைக் காணாமலே, ஒரு குண்டும் வீசாமலே மாண்ட அந்நால்வரின் உடல்கள் பள்ளியிலே கிடத்தப்பட்டபோது, ஆசிரியையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை. ஒரு மாணாக்கனையேனும் இழந்த ஆசிரியருக்கு அது தெரியும். பறப்புகள் நிறுத்தப்படவில்லை. இரவுப் பயிற்சியை மேலும் நீடித்தனர். அப்படைப்பிரிவு முனைக்குச் செல்லும் நாளும் பின்தள்ளப்பட்டது.

மே மாதம் 23 ஆந் தேதி 588 ஆம் படைப்பிரிவு எங்கெல்ஸை விட்டுத் தென்முனைக்குப் பறந்தது. அவர்களுக்குக் கிடைத்தவை யு-2 என்னும் பயிற்சி விமானங்களே. மரச்சட்டத்தின் மேற் சீலை போர்த்தியவை. மேற்கூரையில்லாத இரண்டு ஆசனங்கள் கொண்டவை. மணிக்கு 120 கிலோமீற்றரளவில் மட்டுமே செல்பவை. ரஸ்கோவா தாமே அவர்களுக்கு முன்னாற் பறந்து வழிகாட்டினார். வழியிலே, துணைக்கு வந்த சொந்த நாட்டுப் போர்விமானங்கள் விளையாட்டாகப் பாய்ந்து வர, அவற்றைப் பகைவருடையவை என்று மருண்ட யுவதிகள் அணி கலைந்து சிதறினர். முனையிலிருந்த தளபதிகள் நகைத்தனர். பெண்களை அனுப்பியதையே குறைகூறினர். ரஸ்கோவா அவர்களைப் படைத்தலைவி எவ்தொக்கியா பெர்ஷான்ஸ்கயாவிடம் ஒப்புவித்து எங்கெல்ஸுக்குத் திரும்பினார். அப்பெண்களிற் பெரும்பாலோர் தம் ஆசிரியையை அதன் பின் உயிருடன் காணவில்லை.

திரும்பியவர் 587 ஆம் படைப்பிரிவின் தலைமையைத் தாமே ஏற்றிருந்தார். அப்படைக்கு பெ-2 என்னும் இரட்டை எஞ்சின் விமானம் வழங்கப்பட்டது. அது விரைவானது, ஆனால் முரட்டுக் குதிரையைப் போன்றது. ஓட்டி, வழிகாட்டி, சுடுநர் என மூவர் அதிற் செல்ல வேண்டும். புதிதாகப் பயில வேண்டியிருந்தமையால் காலம் நீண்டது. வழி காண்பதிலே நாட்டில் ஈடிணையற்றவராயிருந்த ரஸ்கோவா, விமானமோட்டுவதிலே நீண்ட அனுபவம் பெற்றவரல்லர். எனினும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. தம்முடைய மாணவியரோடு தாமும் ஒரு மாணவியாக அமர்ந்து அவ்விமானத்தை ஓட்டப் பயின்றார். ஆசிரியன் தன் மாணாக்கர் காணத் தவறு செய்து கற்பதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்பதை நான் அறிவேன்.

1942 ஆம் ஆண்டின் இறுதியிலே அப்படைக்கு ஸ்டாலின்கிராட் முனைக்குச் செல்லும் ஆணை வந்தது. பெரும்பகுதியினர் முன்னரே சென்றுவிட்டனர். பழுதினாற் பின்தங்கிய இரண்டு விமானங்களை அழைத்துக்கொண்டு செல்வதற்காக ரஸ்கோவா தங்கினார். 1943 ஜனவரி 4 இல் மூன்று விமானங்களும் புறப்பட்டன. காலநிலை கெட்டது; முகில் நிலமளவுக்குத் தாழ்ந்தது. மற்றை இருவரும் எவ்வாறோ நிலத்திலே இறங்கி உயிர் தப்பினர். ரஸ்கோவாவின் விமானம் சராத்தொவ் பகுதியில் வொல்காவின் உயர்ந்த கரையிலே மோதி நொறுங்கிற்று. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். ஆகாயத்திலே வழி தவறாதவர் என்று நாடெல்லாம் புகழ்ந்த வழிகாட்டி, தமது மாணவியர் நால்வரைக் கொன்ற அதே குருட்டு வானத்துக்குத் தாமும் இரையானார். அவருடைய அஸ்தி அரச மரியாதையுடன் மொஸ்கோ செஞ்சதுக்கத்திலே கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டது. 1939 இலேயே விபத்தில் இறந்துபோன தோழி பொலீனா ஒசிப்பெங்கோவின் அஸ்தியும் அம்மதிலிலேதான் இருக்கின்றது. மகள் தான்யாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஒரு நாள் பொறுத்திருக்கலாகாதா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அவருடைய படை முனையிலே தலைவியின்றிக் காத்திருந்தது, அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறருக்கு நிதானத்தைக் கற்பிப்பவர்களும் தம் பிள்ளைகளிடம் விரையும்போது நிதானம் இழக்கின்றனர். இதனை அவருடைய பெருமைக்கு இழுக்கென நான் கருதவில்லை. ஆயினும் பிழையை வீரமென்று பெயர் மாற்றவும் என் மனம் ஒருப்படவில்லை.

நிற்க. தொடக்கத்திலே நான் கூறிய அளவுகோலுக்கு வருகின்றேன். ஆசிரியை இல்லாதபோது மாணவியர் என்ன செய்தனர்? 586 ஆம் படையைச் சேர்ந்த வலேரியா கொமியக்கோவா, 1942 செப்டெம்பரிலேயே சராத்தொவின் மேல் இரவு வானத்தில் ஒரு ஜேர்மனியக் குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தியிருந்தார். முனையிலிருந்தோர் நகைத்த 588 ஆம் படை, இறுதிவரை பெண்களை மட்டுமே கொண்டதாய், அந்தச் சீலை விமானங்களிலே 23,000 தடவைகளுக்கு மேல் பறந்து குண்டுவீசிற்று. எஞ்சினைத் தணித்து ஓசையின்றி மிதந்து வந்த அவர்களை ஜேர்மனியர் இரவுச் சூனியக்காரிகள் என்று அழைத்தனர். அவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் வீரர் விருது பெற்றனர். முப்பது பேரளவில் மீளவில்லை. நட்சத்திரங்களைக் கற்ற ரூத்னெவா 1944 ஏப்ரிலிலே கேர்ச் நகரின் அருகே எரிந்த விமானத்தில் இறந்தார். ஒரு சிறுகோள் இன்று அவர் பெயரைத் தாங்கி வானத்திலே சுற்றுகின்றது. ரக்கபோல்ஸ்கயா யுத்தத்தின் பின் பௌதிகப் பேராசிரியையாகி, 2016 வரை வாழ்ந்தார்.

எனினும் என் மனத்தை மிகவும் தொடுவது 587 ஆம் படையின் செயலே. தலைவியின் மரணச் செய்தி வந்தபோது, அந்தப் படை ஒருமுறையேனும் போரிலே பறந்திருக்கவில்லை. அதனைக் கலைத்துவிடுவார்களோ என்று அப்பெண்கள் அஞ்சினர். அழுதனர். ஆனால் ஜனவரி மாதம் முடியுமுன்னரே, எவ்கேனியா திமோபேயவாவின் தலைமையிலே ஸ்டாலின்கிராட் வானத்திற் பறந்து தமது முதற் பணியை முடித்தனர். பின்னர் தலைவராக வந்த வலென்தீன் மார்க்கோவ் என்னும் ஆண் அதிகாரியை முதலில் அவர்கள் மனமொப்பி ஏற்கவில்லை. காலப்போக்கிலே அவரும் அவர்களும் ஒருவரையொருவர் மதிக்கக் கற்றனர். அதே ஆண்டிலே அப்படைக்கு ரஸ்கோவாவின் பெயர் சூட்டப்பட்டது.

கிரெம்ளின் மதிலிலே பதித்த பெயரைப் பார்ப்பவர்கள் ஒரு வீரப் பெண்ணை நினைப்பர். எனக்கோ வேறொரு காட்சி தோன்றுகின்றது. பனி மூடிய எங்கெல்ஸ் தளத்தின் ஒரு வகுப்பறை. பெரிய சப்பாத்தணிந்த யுவதிகள். கரும்பலகையிலே காற்றின் திசையைக் கோடிட்டுக் காட்டும் ஒருவர். அவர் இட்ட கோடு அழிந்துவிட்டது. அதைப் படித்துக்கொண்டவர்கள், அவர் இல்லாத இருளிலும் இலக்கைக் கண்டு, வீடு திரும்பும் வழியையும் தாமே கண்டனர்.